பரணிலிருந்து எடுத்துக்கிடலாம்

நவம்பர் 10

வேலையை விட்டுவிட்டேன். ஒப்பந்தப்படி டிசம்பர் கடைசி நாள் வரை போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் கடிதம் கொடுத்தாகிவிட்டது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் வசவு மட்டும்தான் வரும். எங்கள் கம்பெனி தனியார் பஸ் முதலாளிகளுக்கு டிக்கெட் பதிவு செய்து கொடுக்கிறது. கோயமுத்தூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நாற்பது பேர் இருக்கிறோம். சர்வர்களைக் கவனிப்பது நான், ஜெயசீலன், பர்வீன். இன்று காலை முதலாளி தாமோதரன் சார் எல்லோரையும் பெரிய அறைக்குக் கூப்பிட்டார். ஜெயசீலன் முன்னால் நின்று, திரையில் 'ஜேஎஸ் கிட்' என்று ஒன்றைக் காட்டினான். நம் அன்றாட வேலையைப் பாதியாகக் குறைத்த சின்னச் சின்னக் கட்டளைகளின் தொகுப்பு என்றான். ஒவ்வொன்றாக ஓட்டியும் காட்டினான். அத்தனையும் நான் எழுதியது.

ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த என் பெயரை எடுத்திருந்தான். உள்ளே எனக்கு நானே எழுதிவைத்த குறிப்புகளை எடுக்கவில்லை, சோம்பேறி. 'இந்த வரியைத் தொடுகிறவன் கை விளங்காது' என்ற என் வாசகம் திரையில் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசீலனுக்கு நகைச்சுவையும் வருகிறதே என்று சார் மெச்சிக்கொண்டார். பிறகு அவனைத் தொழில்நுட்பப் பிரிவின் தலைவராக அறிவித்தார். கை தட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன் போலிருக்கிறது.

மதியம் சாரின் அறைக்குப் போய், அதெல்லாம் நான் எழுதியது என்றேன். அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு எழுதுனா என்னங்க அரசி, வேல நடக்குதுங்கல்ல?"

அவர் மேஜையிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 11

ஜெயசீலன் இரண்டு முறை என் மேஜைக்கு வந்தான். இரண்டு முறையும் நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 14

வீட்டு லேப்டாப்பில் இந்த நாட்குறிப்புக்கும் ஒரு சுருக்கம் செய்திருக்கிறேன். கறுப்புத் திரையில் 'எழுது' என்று அடித்தால் அன்றைய தேதியைத் தலையில் போட்டு வெற்றுப் பக்கத்தைத் திறக்கும். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சுருக்கம் வேண்டும். ஒரே நீளக் கட்டளையை மூன்றாவது முறை அடிக்க நேர்ந்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். உடனே அதற்கு ஒரு சின்னப் பெயர் வைத்து ஒதுக்கிவிடுவேன். ஆபீஸ் சர்வரில் இவற்றைப் போட்டு வைத்திருக்கும் இடத்துக்கு 'அஞ்சறைப்பெட்டி' என்று பெயர். அடிப்பது ஆங்கில எழுத்தில், சொல் தமிழில்.

'எங்க' என்று அடித்தால் தொலைந்த கோப்பு எங்கே கிடக்கிறது என்று சொல்லும். 'யாரு' என்றால் இப்போது சர்வருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும். 'வண்டி' என்று அடித்துப் பஸ் நம்பரைக் கொடுத்தால், டிரைவர் கையில் கொடுக்க வேண்டிய பயணிகள் பட்டியல் பிரிண்டருக்குப் போகும். நகராமல் முரண்டு பிடிக்கும் புரோகிராமை நிறுத்த 'போடா'. பர்வீன் கோயமுத்தூர்க்காரி. 'போடா' என்று அடிக்கக் கூச்சமாக இருக்கிறதென்று சொல்லி 'போங்க' என்று தனியாக ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இவ்வளவு வருஷமாக ஆபீசே இந்தச் சொற்களில்தான் பேசுகிறது. இப்போது அது ஜேஎஸ் கிட். ஜே என்றால் ஜெயசீலன், எஸ் என்றால் செல்லையா. அவன் அப்பா பெயரும் சேர்ந்து என் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

என் கணக்கில் இருக்கும் அஞ்சறைப்பெட்டியில் மட்டும் மூலப் பிரதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் என் பெயரும், எழுதிய நாளும், திருத்திய நாட்களும் உண்டு. கடைசி நாளன்று வழியனுப்பு விழா வைப்பார்கள், கேக் வெட்டி இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். அப்போது அதே பெரிய திரையில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து காட்டுவேன். அவன் முகம் போகும் போக்கை நாற்பது பேரும் பார்க்க வேண்டும்.

நவம்பர் 19

பொறுப்பை ஒப்படைக்கும் வேலை தொடங்கிவிட்டது. யாரிடம் என்றால் அவனிடம்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். "அக்கா, அன்னைக்கு நடந்தத ஒரு நிமிசம் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தான். வேலையை மட்டும் பேசுவோம் என்றேன். அவன் நாகர்கோவில் பக்கம், என்னைவிட ஆறேழு வயது சின்னவன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறக்கும் உரிமை அந்த ஆபீசில் அவனுக்கு மட்டும்தான் இருந்தது. கேட்காமல் எடுத்தே பழகியவன்.

இன்று பரணைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவனுக்கே பரணைப் பற்றி!

இதை எழுதிவைக்கிறேன். சர்வரில் ஒன்றை அழிக்க 'ஆர்எம்' என்று ஒரு கட்டளை உண்டு. சாதாரணக் கம்ப்யூட்டரில் அழித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகும், வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம். ஆர்எம் அப்படி இல்லை. நிச்சயமா என்று கேட்காது, மன்னிக்காது, போனால் போனதுதான். ஜெயசீலன் சேர்ந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு முதலாளியின் அத்தனை பஸ்களுக்கும் உரிய பயணிகள் பட்டியலை ஆர்எம் அடித்துவிட்டான். மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் போய்ப் பார்த்தபோது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தான், நடுக்கம் தெரியாமல் இருக்க. டிக்கெட் விற்ற ஏஜெண்டுகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு இரண்டு பேருமாகப் பட்டியலைத் திரும்ப உருவாக்கினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரணை எழுதினேன். அன்று முதல் எங்கள் சர்வரில் யார் ஆர்எம் அடித்தாலும், அடிப்பவருக்குத் தெரியாமல் நான் எழுதிய கட்டளைதான் ஓடும். பொருள் அழியாது, பரணுக்குப் போகும், ஒரு மாதம் அங்கே கிடக்கும். 'எடு' என்று அடித்தால் கீழே வரும். கம்பெனியின் நலனுக்காக எழுதினேன். அவனுக்காக என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு.

பரண் வந்த பிறகு ஆபீசில் எல்லோருக்கும் துளிர்விட்டுப் போயிற்று. சர்வரில் ஒரு ஃபோல்டரைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் உள்ளே எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்ப்பதே கிடையாது. மொத்தமாக ஆர்எம் அடித்துவிட்டு, வேண்டியதை மட்டும் பரணிலிருந்து கீழே இறக்கிக்கொள்வார்கள். இதில் ஜெயசீலன் மன்னன். கேட்டால் "பரண்ல இருந்து எடுத்துக்கிடலாம்கா" என்பான்.

நவம்பர் 20

சர்வருக்குள் நுழையும்போதெல்லாம் எல்லோருடைய கணக்கும் ஒரு பொதுக் கோப்பைப் படிக்கும். பரண் அங்கிருந்துதான் அவரவருக்குக் கிடைக்கிறது. இன்று அதில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். நுழைகிறவன் ஜெயசீலன் என்றால் பரணைக் கொடுக்காதே.

நான் எதையும் உடைக்கவில்லை. எதையும் அழிக்கவில்லை. ஆர்எம் எப்படிப் பிறந்ததோ அப்படியே அவனுக்கு விட்டிருக்கிறேன். உலகம் முழுக்க எல்லோரும் அப்படித்தான் ஆர்எம் அடிக்கிறார்கள். என் பொருளை நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். தொழில்நுட்பத் தலைவர் அல்லவா, தலைவருக்குப் பரண் எதற்கு?

ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

நவம்பர் 24

ஒன்றும் நடக்கவில்லை. பரணில் அவனுடைய பொருள் எதுவும் புதிதாக வரவில்லை. அப்படியென்றால் அவன் அழிப்பதெல்லாம் நிஜமாகவே அழிகிறது, அவனுக்கு அது தெரியவில்லை. சின்னச் சின்னக் கோப்புகளாகத்தான் இருக்கும். இருக்கட்டும், பொங்கல் டிக்கெட் திறக்கும் நாள் வருகிறது.

கேஸ் சிலிண்டர் வந்தது. மாடித் தொட்டியைக் கழுவ ஆள் சொல்ல வேண்டும்.

நவம்பர் 29

என் வீட்டுக்காரர் சிவநேசன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பழகும் காரில் சொல்லித்தருகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். இரவுச் சாப்பாட்டின்போது சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அந்த இரண்டாவது பிரேக்கைக் கழற்றிவிட்டால் பழகுகிறவன் நன்றாகப் பழகுவானா?

அவர் தோசையைப் பிய்த்தபடி யோசித்தார். என் கால்ல பிரேக் இருக்குதுன்னு தெரிஞ்சா பாதிப்பேரு அவங்க பிரேக்கத் தொடறதே இல்ல, அது நெசம்தான் என்றார். கழட்டீட்டு, கழட்டியாச்சுன்னு சொல்லீட்டு ஓட்டவெச்சா நல்லாத்தான் கத்துக்குவான் என்றார்.

சொல்லாமல் கழற்றினால் என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லாமக் கழட்டுனா அது பாடமில்ல புள்ள, கொலை."

பேச்சுக்குச் சொன்னேன் என்று எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். இந்த மனிதருக்கு எல்லாமே கார்தான்.

டிசம்பர் 2

ஜெயசீலன் ஊருக்குப் போய்விட்டு வந்தான். வழக்கம்போல எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் நேந்திரங்காய்ச் சிப்ஸ் கொண்டுவந்து, நான் இல்லாத நேரத்தில் மேஜையில் வைத்திருந்தான். தொடவே கூடாது என்றிருந்தேன். நாலு மணிக்குத் தொட்டுவிட்டேன். தேங்காய் எண்ணெயில் பொரித்தது, நன்றாகவே இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

டிசம்பர் 9

காத்திருக்கிறேன். ஆறப்போட்டுச் சாப்பிட எனக்குத் தெரியும்.

டிசம்பர் 14

நாளை காலை பத்து மணிக்குப் பொங்கல் டிக்கெட் திறக்கிறது. வருஷத்தில் எங்களுக்கு இதைவிடப் பெரிய நாள் இல்லை. அதற்கு முன் பழைய கட்டணம், பழைய இருக்கை வரிசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். அந்த வேலை எப்போதும் ஜெயசீலனுடையது. எப்படிச் செய்வான் என்று எனக்குத் தெரியும். மொத்தத்தையும் ஆர்எம் அடிப்பான். பிறகு மாறாத கோப்புகளை, பஸ் முதலாளிகளின் விவரம், நிறுத்தங்களின் பட்டியல் போன்றவற்றை, பரணிலிருந்து இறக்குவான். நாளை இறக்கப் போகும்போது பரண் இருக்காது. முந்தின நாள் காப்புப் பிரதியிலிருந்து எடுத்து வைக்க மதியம் ஆகிவிடும். பத்து மணிக்கு டிக்கெட்டுக்காகக் காத்திருக்கும் ஊர் மதியம் வரை பொறுக்காது. சாருடைய போன் அடித்துக்கொண்டே இருக்கும். அப்போது கேட்பார்கள், அந்த ஜேஎஸ் கிட் எங்கே போயிற்று என்று.

சாயங்காலம் என் மேஜைக்கு வந்தான். பரணில் பொருள் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டான். ஒரு மாதம் என்றேன். அது பொய்யில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டான்.

டிசம்பர் 15

ஒன்றும் ஆகவில்லை!

காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். அவன் எனக்கு எதிர் வரிசை, அவன் முகம் தெரியும், திரை தெரியாது. ஒன்பதரைக்கு வேலையைத் தொடங்கினான். உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தான். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தேன். இதோ, இப்போது எழுந்திருப்பான், இப்போது மாடிப்படிக்குப் போவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது நாற்காலியில் சாய்ந்து பர்வீனைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். பத்து மணிக்கு டிக்கெட் திறந்தது. சுடச்சுட விற்றது. சார் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார்.

தலைவரானதும் ஜாக்கிரதையாகிவிட்டான் போலிருக்கிறது, மொத்தமாகத் துடைக்காமல் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறான். கழுதைக்கு நேரம் காலம் பார்த்துப் புத்தி வந்திருக்கிறது.

மைசூர்பாகுத் தட்டை அவன்தான் என்னிடம் நீட்டினான். சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

டிசம்பர் 16

வயிறு எரிகிறது. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

டிசம்பர் 29

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஜேஎஸ் கிட் பிறந்த கதை. ஜெயசீலன் கைகட்டி நிற்கும் படம். 'ஊழியர்களின் தவறுகளை மன்னிக்கும் பரண் என்ற அற்புத யோசனை' என்று ஒரு பத்தி. பர்வீன்தான் காட்டினாள், காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்து ஏன்டா காட்டினோம் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

அப்போது முடிவு செய்தேன். அவனுக்கு மட்டும் என்ன, யாருக்கும் வேண்டாம். பொதுக் கோப்பைத் திறந்து பரணை அடியோடு எடுத்தேன். நாற்பது பேருக்கும். கை தட்டினார்கள் அல்லவா, இனிப் பார்த்து அடிக்கட்டும். செய்து முடித்ததும் பெரிய சாதனை செய்தவள்போல் கேன்டீனுக்குப் போய் ஒரு வடை சாப்பிட்டேன்.

திரும்பி வந்து, மறுபடி சர்வருக்குள் நுழைந்து, என் கணக்கைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். விழாவில் காட்டுவதற்காக அஞ்சறைப்பெட்டியை ஒழுங்குபடுத்த வேண்டும். உள்ளே பழைய சோதனைகள், அரைகுறைகள், குப்பைகள் எல்லாம் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்கப் பொறுமை இல்லை. மொத்தத்தையும் ஆர்எம் அடித்தேன். வேண்டியதைப் பரணிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

'எடு' என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வந்தது.

வடையின் எண்ணெய் கூட விரலில் காயவில்லை. பரணை எடுத்தது மூளைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. ஆபீசைப் பார்த்துச் சிரித்தேனே, அத்தனை பேரிலும் பரணை நம்பி அதிக நாள் அடித்த கை என்னுடையதுதான். பழைய பரண் இருந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். அஞ்சறைப்பெட்டி அங்கே இல்லை. காப்புப் பிரதியில் சொந்தக் கணக்குகள் சேராது, இடம் வீணாகிறது என்று நானேதான் அப்படி அமைத்திருந்தேன்.

என் பெயர் இருந்த பிரதி அது ஒன்றுதான். இனி மிச்சமிருப்பதெல்லாம் அவன் பெயர் போட்டவை. இத்தனை வருஷம் நான் அங்கே என்ன செய்தேன் என்று கேட்டால் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. திருடியது அவன், தடயத்தை அழித்துக் கொடுத்தது நான்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பின்னால் கதவு திறந்தது. ஜெயசீலன். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நான் தொடைக்கு அடியில் வைத்திருந்த கைகளைப் பார்த்தான். மேல்படியிலேயே நின்றுகொண்டான்.

"புதுப் பரண்ல பாருங்கக்கா" என்றான். எந்தப் புதுப் பரண் என்று கேட்டேன். "நான் தனியா ஒண்ணு வச்சிருக்கேன். எல்லாருக்கும். உங்களுக்குஞ் சேத்துத்தான்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

டிசம்பர் 30

அஞ்சறைப்பெட்டி கிடைத்துவிட்டது. ஒரு கோப்பு குறையவில்லை.

அவன் செய்திருப்பது இதுதான். என் பொதுக் கோப்பைத் தொடவே இல்லை. அதற்குப் பின்னால் எல்லோரும் படிக்கும்படி இன்னொரு கோப்பை வைத்திருக்கிறான். அதில் என் பரணை அப்படியே நகலெடுத்து, பொருள் போய்ச் சேரும் இடத்தையும் 'எடு' என்ற பெயரையும் மட்டும் மாற்றியிருக்கிறான். என் பரண் கிடைக்காதவர்களுக்கு அது கிடைக்கும். நான் அவனுக்கு வெட்டியது, நேற்று நாற்பது பேருக்கும் வெட்டியது, எல்லாம் அங்கே திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. அதனால்தான் டிக்கெட் திறந்த அன்று ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கோப்பின் தலையில் மூன்று வரி எழுதியிருந்தான்.

'எழுதியது அரசி அக்கா.
எனக்காக எழுதினார்.
கேட்காமல் என் பெயரில் காட்டியவன் நான், ஜெயசீலன்.'

கீழே தேதி. நவம்பர் 21.

நான் வெட்டியதற்கு மறுநாள். மறுநாளே தெரிந்திருக்கிறது. சிப்ஸ் வைத்தபோது தெரியும். பரணில் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டு நின்றபோதும் தெரியும். நான் சொல்கிறேனா என்று பார்க்க நின்றிருக்கிறான். நான் சொல்லவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நாற்பது பேர் பார்க்கப் பெரிய திரையில் எடுத்தான், யாரும் திறந்து பார்க்காத ஒரு கோப்பின் தலையில் திருப்பிக் கொடுத்திருக்கிறான். சந்தையில் அடித்துவிட்டுச் சந்தில் வந்து காலில் விழுகிறவனை என்ன செய்வது? என்னைக் காப்பாற்றியும் விட்டான். அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.

டிசம்பர் 31

கேக் வெட்டினார்கள். சாக்லேட் கேக், என் பெயரில் ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. பெரிய திரையோடு என் லேப்டாப்பை இணைத்து வைத்திருந்தேன். அஞ்சறைப்பெட்டி தயாராக இருந்தது. இரண்டு வார்த்தை பேசுங்க என்றார் தாமோதரன் சார். ஜெயசீலன் பின்வரிசையில் சுவரோடு நின்றான். வேண்டியதைச் செய்துகொள் என்கிற மாதிரி என்னையே பார்த்தான். அந்தப் பார்வைதான் கெடுத்தது.

நன்றி என்றேன். உட்கார்ந்துவிட்டேன். பர்வீன் அழுதாள்.

ஆனால் அப்படியே வந்துவிட நான் என்ன சாமியாரா? என் கணக்கை மூட ஐந்து மணி வரை நேரம் இருந்தது. பொதுக் கோப்பைத் திறந்தேன். பரணைத் திரும்ப வைத்தேன், ஜெயசீலனுக்கும் சேர்த்து. அதன் கீழே ஒரு கட்டளை எழுதினேன். இனிச் சர்வருக்குள் யார் நுழைந்தாலும், வேலை தொடங்குமுன் அவன் எழுதிய வரிகள் திரையில் வரும். முதல் வரியும் மூன்றாவது வரியும் மட்டும். நடுவில் இருந்ததைக் காட்டவில்லை. அது ஊருக்கு எதற்கு?

நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவன் எழுதியதை ஊர் படிக்கும்படி வைத்தேன். தினமும் காலையில் முதல் வேலையாக ஆபீஸ் அதைப் படிக்கட்டும். அவனும் படிக்கட்டும்.

சொந்தக் கணக்கில் இருப்பதை எடுத்துப் போகலாம் என்று ராஜினாமாவை ஏற்ற கடிதத்திலேயே சார் எழுதியிருந்தார். அஞ்சறைப்பெட்டியை என்னுடன் எடுத்து வந்துவிட்டேன். படியிறங்கும்போது யாருக்கும் தெரியாமல் சிரித்தேன். பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜனவரி 6

புது ஆபீஸ். மருத்துவமனைகளுக்குச் சாமான் அனுப்பும் கம்பெனி. எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். இங்கே பரண் கிடையாது. ஆர்எம் அடிக்கப் போய்க் கையை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சிவநேசனிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். பிரேக்க மறுபடியும் மாட்டீட்டயல்ல, அதுபோதும் என்றார்.

பர்வீனிடம் போனில் கேட்டேன். முதல் நாள் காலை ஆபீசே அந்த வரிகளைப் படித்துவிட்டு ஜெயசீலனைத் திரும்பிப் பார்த்ததாம். சார் ஜெயசீலனைக் கூப்பிட்டு இதென்ன என்று கேட்டாராம். உள்ளதுதான் சார் என்றானாம். இணையப் பக்கத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டார்கள். அதை நீக்கிவிட்டானா என்று கேட்டேன், அந்த இரண்டு வரியை. இன்னும் வருகிறது என்றாள். அவன் தலைவன். நீக்க ஒரு நிமிஷம் ஆகாது.

பொறுத்திருந்து பார்ப்போம். எத்தனை நாள் தாங்குகிறான் என்று.

ஜனவரி 12

இன்றும் வருகிறதாம்.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து இன்றுதான் எல்லோரும் வேலைக்கு வந்திருக்கிறார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் பர்வீனிடமிருந்து போன் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்தது. கடைசியில் நீக்கிவிட்டான் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வாயில் இருந்த சோற்றை அவசரமாக விழுங்கினேன்.

"இல்லீங்க்கா. இன்னைக்கு இன்னொரு வரியும் சேந்து வருதுங்க்கா. நடுவுல. 'எனக்காக எழுதினார்'னு."

போனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். பாதி அப்படியே இருந்தது. நீக்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.